கொட்டாஞ்சேனை வழியாகக் கனடா

மே 16, வெள்ளி

இன்றைக்கு மட்டும் ஏழு பார்சல். நான் திங்கட்கிழமை கனடா போகிறேன் என்பது கொழும்பு வெள்ளவத்தையின் இந்தச் சின்ன ஒழுங்கையில் எனக்கு மட்டும் உரிய செய்தி இல்லை. ரொறன்ரோவில் பிள்ளை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அது மிளகாய்த்தூள் அனுப்பும் வாய்ப்பு. "சின்னப் பார்சல்தான், ரதி" என்று கொண்டு வருகிறார்கள். சின்னதைத் தூக்கினால் தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருக்கிறது.

மேல்வீட்டு ரமணி அக்கா தன் கையால் வறுத்து இடித்த தூள், புழுக்கொடியல், எள்ளுப்பாகு எல்லாம் மகள் அனுஷியாவுக்கென்று கொண்டு வந்தா. "என்ர தூள் இல்லாட்டி அவளுக்குச் சோறு இறங்காது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தா. அனுஷியா போய் ஐந்து வருடம். அகதிக் கேஸ் முடியும்வரை அவள் அங்கிருந்து அசைய முடியாது. இவர்களுக்கோ போக விசா கிடைக்காது. ஆகவே தூள் மட்டும் போகிறது.

இரண்டு பெட்டியும் நிறைந்துவிட்டன. என் உடுப்புக்கு மிஞ்சியது ஒரு கைப்பை. தங்கை விசாலியின் மகள் கல்யாணத்துக்குப் போகும் பெரியம்மா உடுத்த சேலையோடு போய் உடுத்த சேலையோடு வரப்போகிறாள். ஐம்பத்தெட்டு வயதில் முதல் விமானப் பயணம். தாலி கட்டாமல் இருந்ததற்கு இவ்வளவு காலமும் அனுதாபப்பட்டவர்கள் இன்று பொறாமைப்படுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

மே 18, ஞாயிறு

வீட்டுத் திறப்பை வாடகைக்கு வரும் தனுஷனிடம் கொடுத்தாயிற்று. புதுத் தம்பதி. ஆறு மாதம் இருப்பார்கள். நவம்பர் இருபதாம் திகதி நான் வரும்போது காலி செய்துவிடுவார்கள். வீட்டைச் சும்மா பூட்டிப் போட்டால் கரையான்தானே குடியிருக்கும்.

ஒழுங்கைப் பிள்ளையார் கோயிலில் எனக்காகப் பூசை. செய்வித்தவர் ரமணி அக்காவின் கணவர் நாகேந்திரம் அண்ணை. கோயில் தர்மகர்த்தா. மூன்று பட்டை விபூதி முகத்தில் இல்லாமல் அவரை ஒருவரும் கண்டதில்லை. மாலை போட்டார், மைக் பிடித்தார், "எங்கள் ரதி கடல் கடந்தாலும் சைவம் கடக்கமாட்டா" என்று பேசினார். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக் கத்தோலிக்க அந்தோனியார் கோயிலுக்கு ஓடும் சைவப் பெண்களுக்கும் போகிற போக்கில் ஒரு குட்டு விழுந்தது. நான் குனிந்துகொண்டேன். விசா வரவேண்டும் என்று நானும் மூன்று செவ்வாய் போனவள்.

பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். பயணம் நல்லபடியாக முடிந்தால் தேங்காய் உடைக்கிறேன். நூற்றெட்டு என்று வாய்வரை வந்தது. தேங்காய் விற்கிற விலையை நினைத்து ஐம்பத்தொன்றோடு நிறுத்திக்கொண்டேன். அவர் கோவிக்கமாட்டார்.

மே 19, திங்கள்

கோவிச்சிட்டார்.

திரும்பி வந்துவிட்டேன். இல்லை, வரவும் இல்லை. எங்கே வருவது? வீடு தனுஷனிடம்.

விமானக் கவுண்டரில் ஓர் அதிகாரி. சின்னப் பெடியன், நல்ல மரியாதை. "ஆன்ரி, வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று இங்கிலீசில் கேட்டான். பெருமையாகச் சொன்னேன் — வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டேன், ஒரு யோசனையும் இல்லை. வேலை? ஓய்வு பெற்றாயிற்று. பிள்ளைகள்? இல்லை. பெட்டியில் என்ன? தூள், ஒடியல், கருவாடு, எள்ளுப்பாகு, வடகம். ஒரு ஆளுக்கா? நாற்பது பேருக்கு என்றேன், சிரித்துக்கொண்டு. அவன் சிரிக்கவில்லை. யாருக்கோ போன் எடுத்தான். இவ போனால் திரும்பி வரமாட்டா என்று முடிவு பண்ணிவிட்டார்கள். விசா கையில் இருக்குது தம்பி, திரும்பி வாற ரிக்கற் இருக்குது, என்ர பிள்ளையார் கோயில் இங்கதான் இருக்குது, நான் ஏனப்பா அங்க நிக்கப்போறன் — எத்தினை தரம் சொன்னன்! பொய் சொல்லியிருந்தா ஏத்தியிருப்பாங்கள். வாய். என்ர வாய்.

கொண்டுபோய் விட்ட வான்காரர் நிலாமுக்கே மறுபடி போன் பண்ணினேன். பாதி வழியில் திரும்பி வந்தார்.

"அழ வாணாம் அக்கா. வெள்ளவத்தைக்கு உடவா?"

"வேண்டாம்!" என்று நான் கத்தியதில் போர்ட்டர் பெட்டியைக் கீழே போட்டான். நேற்றுப் போட்ட மாலை இன்னும் வாடியிருக்காது. எந்த முகத்தோடு போவது?

நிலாம் பெட்டிகளை வானில் ஏற்றினார். "கொட்டாஞ்சேனேல எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா ஈக்கிறாங்க. மேல ரூம் ஒண்டு சும்மாதான் ஈக்கி" என்றார்.

மே 20, செவ்வாய்

வீட்டுக்கார அம்மாவின் பெயர் மர்சலின். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவ. கணவர் இல்லை, மகன் கப்பலில். முன்னறையில் ஆளுயரத்துக்கு அந்தோனியார் சொரூபம், சிவப்பு பல்ப். ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்பதை மட்டும் மூன்று தரம் கேட்டா.

விசாலி போனில் அழுதாள், பிறகு கட்டளை போட்டாள். "அக்கா, ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிஞ்சால் எங்கட மானம் போச்சு. நீ வந்திட்டாய், காய்ச்சலோட படுத்திருக்கிறாய் எண்டு சொல்லுறன்."

ஆக நான் இன்று ரொறன்ரோவில் காய்ச்சலோடு படுத்திருக்கிறேன். காப்புறுதிக் கம்பனியில் முப்பது வருடம் தொலைபேசி ஒப்பரேட்டராக இருந்தவள் நான். மனேஜர் சேர் பக்கத்தில் நின்று காது குடைய, "சேர் இப்பதான் வெளியில போனார்" என்று எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்! இப்போது நானே அந்தச் சேர்.

கைப்பையில் கொண்டுவந்த சின்னப் பிள்ளையாரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். ஐம்பத்தொன்றுக்கு இவ்வளவு கோபமா? அவரோடு கதை இல்லை.

மே 26, திங்கள்

பார்சல்கள் மணக்கத் தொடங்கிவிட்டன. கருவாடு முதலாவதாகத் தன் இருப்பை அறிவித்தது. மர்சலின் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து, பெட்டியைத் திறந்து பார்த்து, மூக்கை நேராக்கிக்கொண்டா. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு.

விசாலி அங்கே ஸ்காபரோ தமிழ்க்கடையில் அதே சாமான்களை வாங்கி, லேபிளைக் கிழித்து, பழைய தமிழ்ப் பேப்பரில் சுற்றி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். என் தங்கைக்கு இவ்வளவு மூளை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மாலையில் ரமணி அக்காவின் வட்ஸ்அப் குரல். "ரதி, பாசலைப் பிரிச்சு தூளை மணந்து பாத்திட்டு அனுஷியா அழுதவளாம். அம்மான்ர கை மணம் எண்டு சொன்னவளாம். நீர் நல்லா இருப்பீர்." குரல் ஏனோ களைத்துக் கிடந்தது. நான் அந்தக் கை மணத்தோடு இரண்டு கோப்பைச் சோறு தின்று முடித்திருந்த நேரம். கண்ணால் தண்ணீர் வந்தது. உறைப்புத்தான்.

மே 31, சனி

கல்யாணம். அங்கே காலை, இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். ஒருவரும் பார்க்காவிட்டாலும் கல்யாணம் கல்யாணம்தானே என்று காஞ்சிபுரம் உடுத்து, பூ வைத்து, போனை அந்தோனியாரின் காலடியில் சாத்திவைத்துப் பார்த்தேன். மர்சலினும் நல்ல சேலை உடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தா. தாலி கட்டும்போது இருவரும் எழுந்து போனுக்கு அரிசி போட்டோம். பாதி அரிசி அந்தோனியார்மேல் விழுந்தது.

வெள்ளவத்தையிலிருந்து எட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள், ஒரு படத்திலும் உம்மைக் காணேல்லையே என்று. "படம் எடுத்தது நான்தானே" என்று பதில் போட்டேன். நம்பிவிட்டார்கள். கேவலமாக இருக்கிறது. அதைவிடக் கேவலம், பதில் நன்றாக அமைந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்.

ஜூன் 3, செவ்வாய்

இந்த அறை. இந்தச் சுவர். ஒருத்தருக்கும் நான் தேவையில்லை. கனடாவிலும் இல்லை, இங்கேயும் இல்லை. எங்கேயும் இல்லாமல் ஒரு மனுசி எவ்வளவு நாளைக்கு இருக்கலாம்?

ஜூன் 10, செவ்வாய்

இதைச் சிரித்துக்கொண்டு எழுதுவதா பயந்துகொண்டு எழுதுவதா தெரியவில்லை.

மர்சலின் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் இழுத்துக்கொண்டு போனா. வெள்ளிக்கிழமை திருநாள், ஒரே சனம். முகக்கவசம் போட்டு, முக்காடும் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் பை பார்க்கும் வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர். அவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. காவலுக்கு நின்ற பையன் பிரித்துப் பார்த்தான். வெள்ளைத் தூள்.

"மே மொகத்த, அங்கிள்?" இது என்ன என்கிறான்.

கிழவர் வியர்க்கிறார். சிங்களத்தில் விபூதிக்கு என்ன சொல்வது என்று வரவில்லை. நெற்றியைத் தொட்டுக் காட்டுகிறார். நெற்றியோ வெறும் நெற்றி. மூன்று பட்டை அழித்த அடையாளம் மட்டும் வெளிறித் தெரிகிறது. நாகேந்திரம் அண்ணை! உள்ளே போகும்முன் அழிப்பது, வெளியே வந்து பூசிக்கொள்வது. அதற்குத்தான் பொட்டலம்.

பேசாமல் நழுவியிருக்கலாம். வாய் விட்டால்தானே! "மல்லி, ஏக்க விபூதி. கோவிலே ஏவா" — தம்பி, அது விபூதி, கோயில் சாமான் — என்று முன்னால் போய்விட்டேன். பையன் சிரித்து விட்டுவிட்டான். அண்ணை திரும்பினார். முகக்கவசம் முகத்தைத்தான் மறைக்கும். இந்தக் குரலை அவர் முப்பது வருடமாகக் கேட்கிறவர்.

"ரதியோ? நீர் கனடாவில எல்லோ நிக்கிறீர்?"

"ஓம் அண்ணை. நீங்கள் பிள்ளையார் கோயில்ல எல்லோ நிக்கிறீங்கள்?"

பின்னால் வரிசை சத்தம் போட்டது. உள்ளே போய் நான் ஒரு தூணோடு நின்றேன். அவர் ஒரு கட்டு மெழுகுதிரியைக் கொளுத்தி, சொரூபத்தின் கண்ணாடியில் கையை வைத்தபடி அப்படியே நின்றார். தோள் குலுங்கியது. கேலி செய்யவென்று சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டேன்.

வெளியே வந்து சொன்னார். ரமணி அக்கா களுபோவில ஆஸ்பத்திரியில். வயிற்றில் கட்டி. வெள்ளிக்கிழமை ஒப்பரேசன். ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது, யாழ்ப்பாணம் போயிருக்கிறா என்று சொல்லி வைத்திருக்கிறார். அனுஷியாவுக்கும் சொல்லவில்லை. "சொன்னால் கேஸை விட்டிட்டு வந்திடுவாள், பிள்ளை. பிறகு திரும்பிப் போகேலாது."

"வாட்டில ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. பொம்பிளையள் வாட். என்னை விடமாட்டினம்." மெழுகு ஒட்டிய விரலைச் சுரண்டினார். "கேக்கக் கூச்சமாக் கிடக்குது. நீர்தான் இங்க இல்லையே."

இங்கே இல்லாத ஒருத்திதான் அந்த வேலைக்குப் பொருத்தம் என்று எனக்குப் பட்டது.

ஜூன் 12, வியாழன்

ரமணி அக்கா பாதியாகிப் போய்க் கிடக்கிறா. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தா. முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே இருந்தா.

"எனக்காகவோ வந்தனீர்? அவ்வளவு தூரத்தில இருந்து? என்ர பிள்ளையால வரேலாது... நீர் வந்திட்டீர்."

நான் வாயைத் திறந்தேன். இந்த வாய், கேட்காத அதிகாரிக்கெல்லாம் உண்மையைக் கொட்டிய வாய், ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டது. நாளைக்கு வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள். ஒருத்தி தனக்காகக் கடல் தாண்டி வந்திருக்கிறாள் என்ற நினைப்போடு போகட்டுமே.

ஆனால் ஒழுங்கைக்குச் சொன்ன பொய்கள் எல்லாம் சேர்ந்தும் இந்த ஒன்றின் கனம் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருநாள். மர்சலின் சப்பறத்தோடு போய்விட்டா. நான் ஒப்பரேசன் தியேட்டர் வாசலில். மத்தியானத்துக்கு மேல் டொக்டர் வந்து, கட்டியை எடுத்தாயிற்று, அனுப்பிப் பார்க்கவேண்டும் என்றார். அது நல்ல கட்டியா கெட்டதா என்று தெரிய மூன்று வாரமாவது ஆகுமாம்.

ஜூன் 18, புதன்

கொட்டாஞ்சேனையிலிருந்து களுபோவிலைக்குப் போகும் வழியில் வெள்ளவத்தை குறுக்கே கிடக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழி கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. தினமும் காலி வீதி பஸ்ஸில் என் ஒழுங்கை முகப்பு வரும்போது குனிந்து செருப்பைத் தேடுகிறேன். கொண்டக்டர் இன்று, "அக்கா, ஹெமதாம செரெப்புவத?" என்று கேட்டான். எப்போதும் செருப்புத்தானா என்று. மற்றச் செருப்பையும் தேடினேன்.

வாட்டில் எனக்குப் பெயர் 'கனடா நோனா' — கனடா அம்மணி. ரமணி அக்கா எல்லோருக்கும் சொல்லிவிட்டா. பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா என் கையைத் தொட்டுப் பார்த்து, குளிர் நாட்டில் இருந்தால் தோல் இப்படித்தான் வெளுக்குமா என்று கேட்டா. ஒரு மாதம் வெயில் படாமல் அறைக்குள் அடைந்து கிடந்தால் வெளுக்கும் என்று எப்படிச் சொல்வது? மகன் ஒருவன் ரொறன்ரோவில் இருக்கிறானாம், கண்டீர்களா என்று இன்னொருத்தி. பெரிய ஊர் அம்மா, காணக் கிடைக்கவில்லை என்றேன்.

முகம் கழுவிவிடுகிறேன், சீப்பால் தலை இழுக்கிறேன், கஞ்சி பருக்குகிறேன். ரமணி அக்காவுக்கு மட்டும் என்று தொடங்கியது. இப்போது அந்த வரிசையில் ஐந்து கட்டிலுக்கு நான் தலை இழுக்கிறேன். சிக்கெடுக்கும் வேலைக்கு விசா கேட்பதில்லை.

ஜூன் 21, சனி

பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். ஏன் என்று இறங்கும்வரை தெரியவில்லை. சந்தோசமாக இருக்கிறேன். வெட்கம் கெட்டதனமாக, நல்ல சந்தோசமாக.

ஜூன் 28, சனி

இன்று வீட்டுக்கு விட்டார்கள். அதோடு வந்தது வில்லங்கம்.

உடுப்பு மாற்றும்போதே ரமணி அக்கா தொடங்கிவிட்டா. "நீர் எங்களோட வந்து இரும். திங்கட்கிழமை கோயில்ல ஒழுங்கை முழுக்கக் கூப்பிட்டுச் சொல்லப்போறன், ரதி எனக்காகக் கனடாவை விட்டிட்டு வந்தவ எண்டு. இவர் மைக்கில சொல்லட்டும்."

நாகேந்திரம் அண்ணை விபூதிக்குள்ளேயே வெளிறினார். நான் கட்டில் விளிம்பில் இருந்தேன். இதற்கு மேல் இந்தப் பொய்க்குத் தீனி போட என்னால் முடியாது.

"அக்கா, நான் கனடாவுக்குப் போகவே இல்லை."

சொன்னேன். எல்லாவற்றையும். கவுண்டர், நாற்பது பேருக்குத் தூள், நிலாம், கொட்டாஞ்சேனை. அண்ணையை எங்கே கண்டேன் என்ற இடம் வந்தபோது அவர் கண்ணால் கெஞ்சினார். வாய் சறுக்கிவிட்டது. அதையும் சொல்லிவிட்டேன்.

ரமணி அக்கா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தா. திரும்பினா.

"கனடாவில இருந்தெண்டால் பிளேனில காலை நீட்டிக்கொண்டு வந்திருப்பீர். கொட்டாஞ்சேனையில இருந்து தினமும் பஸ்ஸில நிண்டுகொண்டு வந்தனீர். எது பெரிசு? எனக்குக் கணக்குத் தெரியாது. நீர் சொல்லும்."

நான் அழுதேன். பேசாமல் அழத் தெரியாது எனக்கு. வாட்டே திரும்பிப் பார்த்தது.

"சரி, அழாதையும். என்ர தூள் எங்க?"

"நானும் மர்சலினும் திண்டிட்டம்."

"அப்ப அனுஷியா மணந்து பாத்து அழுதது?"

"ஸ்காபரோ கடைத்தூள்."

ரமணி அக்கா சிரிக்கத் தொடங்கினா. தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ நோகுது, ஐயோ" என்று சிரிக்கிறா. அம்மான்ர கை மணமாம், அம்மான்ர கை மணமாம் என்று அதையே சொல்லிச் சொல்லி. நேர்ஸ் ஓடி வந்தா. பக்கத்துக் கட்டில் அம்மா, என்னவென்று தெரியாமலே தானும் சிரித்தா.

அண்ணைக்கு மட்டும்தான் ஏச்சு விழுந்தது. "அந்தோனியாரிட்டைப் போனது சரி. எனக்காகத்தானே போனனீங்கள். விபூதியை ஏனப்பா அழிச்சனீங்கள்? அவர் என்ன, கோவிக்கப் போறாரோ? இல்லாட்டிப் பிள்ளையார்தான் உங்களைக் காணாமல் விட்டவரோ?"

ஊருக்கு மைக் கட்டிப் பேசும் மனுசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மைக்கில் ஒன்றும் வேண்டாம் என்று முடிவாயிற்று. ஒரு நிபந்தனை: இனிமேல் அக்காவுக்கு என்ன என்பதை அனுஷியாவுக்கு மறைக்கக் கூடாது. அதைச் சொன்னது நான்தான். பொய்யில் பட்டம் வாங்கியவள் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

அனுஷியா எனக்குப் போன் பண்ணினாள். அழுகைதான் கூட, சொல் குறைவு. "அன்ரி, உங்களை ஏத்தியிருந்தா அம்மாவோட ஆர் நிண்டிருப்பினம்?" என்றாள்.

இதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தக் கவுண்டர்ப் பெடியனுக்கு ஒன்றரை மாதமாக நான் விடாத சாபம் இல்லை. இன்று கொஞ்சம் வாபஸ் வாங்கிக்கொண்டேன். முழுக்க இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

கிளினிக்கில் முடிவு வந்தது. கெட்ட கட்டி இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும்.

அண்ணை நடுக் கொரிடோரில் விழுந்து கும்பிட்டார். எந்தத் திசை, எந்தச் சாமி என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அறைக்கு வந்து பிள்ளையாரைத் தேடினால் ஆள் இல்லை. பதறிப் போய் இறங்கி வந்தேன். முன்னறையில், சிவப்பு பல்ப் வெளிச்சத்தில், அந்தோனியார் பக்கத்தில் இருக்கிறார். அவருக்கும் ஒரு பூ.

மர்சலின் அசட்டையாகச் சொன்னா: "செவுத்தப் பாத்துக்கிட்டு தனியா இருந்தாரு. பாவமா இருந்துச்சு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கட்டும்னு வச்சேன்."

எப்போது வைத்தா என்று கேட்டேன். "நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போனீங்களே, அன்னைக்கு." ஒரு மாதமாக நான் அவரைத் தேடவே இல்லை. சண்டை பிடிக்கவும் நேரம் இருக்கவில்லை போலிருக்கிறது. விழுந்து கும்பிட்டேன். இந்த முறை விலை பேசவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெள்ளவத்தைக்கு வட்ஸ்அப்பில் 'ரொறன்ரோவிலிருந்து' வாழ்த்து அனுப்பவில்லை. வெறும் வாழ்த்து அனுப்பினேன். மர்சலினுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தேன். நிலாம் வான் நிறையப் பிள்ளைகளோடு பலகாரம் சாப்பிட வந்தார். ரமணி அக்கா புதுத் தூள் இடித்து அனுப்பியிருந்தா — "இது கனடாவுக்கு இல்லை, உங்கள் ரெண்டு பேருக்கும்" என்று.

நவம்பர் 20, வியாழன்

வீடு வந்தாயிற்று. தனுஷனின் மனைவி இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. சுவரில் நான் அடிக்காத ஆணிகள். பரவாயில்லை.

நிலாமின் வானில் அதே இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியதும் ஒழுங்கை கூடிவிட்டது. தீர்மானித்து வந்தபடியே உண்மையைச் சொல்லிவிட்டேன். "நான் கனடாவுக்குப் போகேல்லை. எயார்போட்டில திருப்பி அனுப்பிட்டாங்கள். ஆறு மாசமாக் கொட்டாஞ்சேனையில இருந்தனான். உங்கட பாசல் எல்லாம் நானும் இன்னொரு அம்மாவும் திண்டு முடிச்சிட்டம்."

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். ஒழுங்கை முழுக்கச் சிரித்தது.

"ரதின்ர பகிடி இன்னும் போகேல்லை" என்றா முன்வீட்டு நிஷாந்தினி. "என்ர மோன் பாசல் கிடைச்சு படமே அனுப்பினவன். நிறத்தைப் பாரும், கொட்டாஞ்சேனையில இருந்த நிறமே இது?"

"சத்தியமாப் போகேல்லை."

"ஆள் கனடாக்காரி ஆகியும் அடக்கம் போகேல்லை" என்று இன்னொருவர் மெச்சினார். பொய்யை விற்க ஒரு வரி போதுமாக இருந்தது. உண்மைக்கு ஆறு மாதச் சாட்சி இருந்தும் ஒருவரும் வாங்க ஆயத்தமில்லை. ரமணி அக்கா மேல்வீட்டு பல்கனியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. இந்த முறை தையல் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

விசாலி திரும்ப விண்ணப்பிக்கச் சொல்கிறாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் முடியாது என்று மட்டும் சொன்னேன். களுபோவில வாட்டில் அன்றைக்குத்தான் எனக்குத் தலை இழுக்கும் முறை, அது முடிந்து கொச்சிக்கடை. "அக்கா, விமானம் செவ்வாய்க்கிழமை பாத்துப் பறக்குமோ?" என்று கேட்கிறாள். பார்ப்போம்.

இன்று நேர்த்தி. நிலாம் தேங்காய்ச் சாக்குகளை இறக்கியபோது நாகேந்திரம் அண்ணை கோயில் வாசலில் நின்றார். சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன நேர்த்தி, பிள்ளை? நீர் போகவே இல்லையே?"

"பயணம் நல்லபடியா முடிஞ்சதெல்லோ, அண்ணை."

அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் தேங்காயைத் தானே எடுத்துத் தந்தார். நான் உடைத்தேன். ஐயரிடம் சொன்ன ஐம்பத்தொன்றில் நிறுத்துவேன் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. நூற்றெட்டும் உடைத்தேன். தோள்மூட்டு போய்விட்டது.

சிதறியதில் நல்ல பாதிகளாகப் பொறுக்கி ஒரு பை நிறைய மர்சலினுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். நாளை கொண்டு போகவேண்டும். ரமணி அக்காவும் வருகிறா, அந்தோனியாரைப் பார்த்து நன்றி சொல்லவேண்டுமாம். அண்ணையும் வருகிறார். பொட்டலம் வேண்டாமாம், பூசிக்கொண்டே வருவாராம்.